அடம் பிடிக்கும் பாம்பு என்றொரு கட்டுக்கதை

பந்து மலைப்பாம்புக் குட்டி ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலேயே கவலைப்படத் தொடங்கிவிடுவார். குட்டி தின்னவில்லை. எலியை நீட்டினால் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. உள்ளே போட்டுவிட்டுப் போனால் காலையில் போட்ட இடத்திலேயே எலி கிடக்கிறது. விற்றவரைக் கேட்டால், இந்த இனமே இப்படித்தான், சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கும், விடாமல் முயற்சி செய்யுங்கள் என்கிறார். அனுபவசாலிகளும் அதையே சொல்லி, அடத்தை உடைக்க ஆளுக்கொரு வைத்தியமும் சேர்த்துச் சொல்கிறார்கள். பாம்பு வளர்ப்புக் கையேடுகளிலும் இந்த இனத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'சாப்பாட்டில் படுத்தும்' என்ற குறிப்பு ஒரு பட்டம்போல ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தப் பட்டம் தவறு என்பது என் கட்சி. தவறு மட்டுமாக இருந்தால் விட்டுவிடலாம். குட்டிகளைச் சாகடிக்கும் தவறாகவும் இருப்பதால் விட முடியவில்லை.

அடம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது குணமாகிவிடுகிறது. குணத்துக்கு யாரும் காரணம் தேடுவதில்லை, அதை மாற்றத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் குட்டியின் சொந்தக்காரர் அதனுடன் ஒரு மல்லுக்கட்டில் இறங்குகிறார். தினமும் எலியை நீட்டுகிறார். மூக்கில் தட்டிக் கோபப்படுத்துகிறார். செத்த எலி சரிவரவில்லை என்று உயிருள்ளதைப் போடுகிறார். அதுவும் முடியாதபோது குட்டியின் வாயைத் திறந்து உள்ளே திணிக்கிறார். 'குட்டி பயந்திருக்கிறது' என்று யாராவது முதல் நாளே அவருக்குச் சொல்லியிருந்தால் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யத் தோன்றியிருக்காது.

பயம் என்று நான் ஊகித்துச் சொல்லவில்லை. இந்தப் பிராணி எங்கே, எப்படி வாழ்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். மேற்கே செனகலிலிருந்து கிழக்கே உகண்டா வரை, ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் தோட்டக் காணிகளிலும் இது இருக்கிறது. பகலெல்லாம் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் முடங்கிக் கிடக்கும். கரையான் கட்டிய புற்றில் பாம்பு குடிபுகும் என்பது தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய சங்கதி இல்லை. இங்கே அது பழமொழியாகவே இருக்கிறது. இரவில் வெளியே வரும், அல்லது வளையின் வாசலிலேயே இரைக்குக் காத்திருக்கும். மேலுதட்டில் வரிசையாக உள்ள குழிகள், இருட்டில் வெதுவெதுப்பான உடம்பு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அதற்கு விஷம் கிடையாது, வேகமும் கிடையாது. ஆபத்து வந்தால் உடம்பைப் பந்தாகச் சுருட்டித் தலையை நடுவில் புதைத்துக்கொண்டு, வந்தது போகட்டும் என்று இருக்கும். அதற்குத் தெரிந்த பெரிய தற்காப்பு அவ்வளவுதான்.

முட்டையிலிருந்து வந்த குட்டியின் எடை 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். பருந்து, கீரி, பெரிய பாம்பு, காட்டுப்பூனை எல்லாமே அதைத் தின்னும். அப்படிப்பட்ட ஒன்றைத் திடீரென்று நான்கு பக்கமும் கண்ணாடி உள்ள தொட்டியில் வைத்து, மேலே விளக்கைப் போட்டு, முன்னால் நான்கு பேர் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு 'சாப்பிடு' என்றால் அது எப்படிச் சாப்பிடும்?

மலைப்பாம்புக்குச் சாப்பாடு என்பது நாம் நினைக்கிறதுபோல் ஒரு சின்ன வேலை இல்லை. இதை 1998-இல் ஸ்டீஃபன் சீகர், ஜாரெட் டயமண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் விளக்கமாக எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது பர்மிய மலைப்பாம்பை. இரையில்லாத காலத்தில் அதன் குடல் சுருங்கி, ஏறக்குறைய வேலை நிறுத்தத்தில் இருக்கும். இரை உள்ளே போனதும் குடல் தடிக்கிறது, ஈரலும் சிறுநீரகமும் பருக்கின்றன, உடம்பின் சக்திச் செலவு பல மடங்கு எகிறுகிறது. இரை விழுங்கிய இரண்டு நாளுக்குள் இதயத்தின் கீழறைத் தசைகூட 40 சதவீதம் வரை பெருக்கிறது என்று 2005-இல் வேறொரு குழு காட்டியது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக உடம்பையே திருத்திக் கட்டுகிற பிராணி இது. அந்தச் சில நாள்களில் வயிறு கனத்து, ஓட முடியாமல், வெப்பம் உள்ள இடத்தில் அசையாமல் கிடக்க வேண்டும். வெப்பம் போதாவிட்டால் இரை செரிக்காமல் வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். கக்குவது குட்டிக்குப் பட்டினியைவிடப் பெரிய அடி.

இப்போது குட்டியின் நிலையிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளிய இடமில்லை, சூடும் போதாது, சுற்றிலும் பெரிய உருவங்கள் நடமாடுகின்றன. இந்த நிலையில் வயிற்றை நிரப்பிக்கொண்டு நாள்கணக்கில் கையாலாகாமல் கிடப்பது தற்கொலை. தின்னாமல் விறைத்து ஒளிந்திருப்பதுதான் புத்தி. அந்தப் புத்திதான் இந்த இனத்தை இவ்வளவு காலம் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு நாம் வைத்த பெயர் அடம்.

லண்டனில் என் அக்கா மகனின் அறையில் இதை நேரில் பார்த்தேன். பதினாறு வயதுப் பையன், பாம்பில் உயிர். பிரித்தானியாவில் இந்த இனத்தை ராயல் பைத்தான் என்பார்கள். வீடுகளில் சர்வசாதாரணமாக வளரும் ஊர்வனவற்றில் அதுவும் ஒன்று. மாலை நேரம், மேலே ட்யூப் லைட் எரிகிறது. நீளமான கண்ணாடித் தொட்டி. அடியில் செய்தித்தாள், ஒரு தண்ணீர்க் கிண்ணம், மூலையில் இரண்டு பக்கமும் திறந்த அரைவட்ட மரப்பட்டை ஒன்று. குட்டி அந்தப் பட்டைக்குள் சுருண்டிருந்தது, பாதி உடம்பு வெளியே. பையன் பட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தான். இடுக்கியில் பிடித்த வெள்ளைச் சுண்டெலியைக் குட்டியின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டினான். குட்டியின் கழுத்து எஸ் வடிவில் மடங்கியது. "பாருங்கோ மாமா, அடிக்கப் போகுது" என்றான். அது அடிக்கவில்லை. தலையை மெல்லத் தாழ்த்திச் சுருளுக்குள் செருகிக்கொண்டது. அவன் எலியால் சுருளைத் தட்டினான். சுருள் இன்னும் இறுகியது.

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் மாமா. என்ன குடுத்தாலும் சாப்பிடுதில்லை."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். விட்டால் செத்துப்போகும் எண்டு பயமாக் கிடக்கு."

அவனுடைய பயம் உண்மையானது, அன்பும் உண்மையானது. எலியைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே ஈரம், நடுவில் இன்னும் குளிர் போகவில்லை. தொட்டிக்கு அடியில் ஒட்டிய சூட்டுப் பாயில் தெர்மோஸ்டாட் இல்லை. வெப்பமானி எதிர்ப் பக்கக் கண்ணாடியின் மேல்மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. பாம்பு படுக்கும் தரையில் எவ்வளவு சூடு என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் பாம்பு பிடிவாதக்காரப் பாம்பு என்று எல்லோருக்கும் தெரியும்.

அடம் என்ற வாதத்தின் இரண்டாவது கால், இரையைப் பற்றியது. நல்ல எலியைக் கொடுத்தும் தின்னவில்லை, ஆகவே நாக்குச் சுவை பார்க்கிற பிராணி என்கிறார்கள். காட்டில் குட்டிகள் எதைத் தின்கின்றன என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் லூயிசெல்லியும் ஆஞ்செலிச்சியும் நைஜீரியாவின் தென்கிழக்கு மழைக்காடுகளில் செய்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. அதன்படி 70 சென்டிமீட்டருக்குக் குறைவான பாம்புகளின் இரையில் பெரும்பகுதி சிறு பறவைகள். ஒரு மீட்டரைத் தாண்டியவைதான் பெரும்பாலும் எலி போன்ற பாலூட்டிகளுக்கு மாறுகின்றன. ஆண் பாம்புகள் பறவைகளையும் பெண் பாம்புகள் பாலூட்டிகளையும் கூடுதலாகப் பிடிக்கின்றன. ஒரு பகுதியின் ஆய்வை முழு ஆப்பிரிக்காவுக்கும் விரிக்கக் கூடாதுதான். ஆனாலும் யோசியுங்கள்: கூட்டிலிருக்கும் பறவைக்குஞ்சையும் காட்டெலிக்குட்டியையும் எதிர்பார்க்கும்படி பிறந்த ஒன்றின் முன்னால், பரிசோதனைச் சாலைகளுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிய வெள்ளைச் சுண்டெலியை உறைபெட்டியிலிருந்து எடுத்து நீட்டுகிறோம். அதன் மணம் அந்தக் குட்டியின் மூதாதையர் எவரும் அறியாத மணம். இருந்தும் பெரும்பாலான குட்டிகள் சில வாரத்தில் அதைப் பழகிக்கொண்டு வாழ்நாள் முழுக்க அதையே தின்கின்றன. இதைவிட இணக்கமான பிராணி எங்கே கிடைக்கும்? பழகாத ஒன்றிரண்டுக்கு எலியின்மேல் கோழிக்குஞ்சு இறகைத் தேய்த்துக் கொடுத்தால் பல நேரம் வேலை முடிந்துவிடுகிறது. ஆப்பிரிக்க மென்மயிர் எலி கிடைக்கிற நாடுகளில் அதைக் கண்டதும் பாயும் குட்டிகளை வளர்ப்போர் எல்லோருமே பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, 'இதற்கு நாக்கு நீளம்' என்று சிரிக்கவும் செய்கிறார்கள்.

உயிருள்ள எலிதான் இயற்கை என்பவர்களுக்கு வருகிறேன். இவர்களுடைய வாதத்தில் ஒரு பகுதி உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் இரையை ஒருபோதும் எடுக்காத குட்டி, கண் திறக்காத உயிருள்ள எலிக்குஞ்சை எடுத்த சம்பவங்கள் நிறைய உண்டு. அனுபவமுள்ள இனப்பெருக்கக்காரர்கள் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அங்கே வேலை செய்தது உயிரா? சூடு, மணம், சிறு அசைவு, இந்த மூன்றும்தான். உறைந்த எலியை முதல்நாளே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுதாக உருகவிட்டு, பாலித்தீன் பையில் போட்டுச் சுடுநீரில் அமிழ்த்தி, கையில் பிடித்தால் உயிருள்ள எலியைவிடச் சற்றுச் சூடாக, 38 முதல் 40 பாகை வரை கொண்டுவந்தால் முதலிரண்டும் கிடைத்துவிடும். அசைவை இடுக்கி கொடுக்கும். மைக்ரோவேவில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எலி உள்ளே வெந்து வெளியே வெடித்த கதைகளை அவர்களிடமே கேளுங்கள்.

இயற்கை என்ற சொல்லை இங்கே இழுக்கவே கூடாது என்பேன். காட்டில் எலி ஓடலாம், பாம்பும் விலகிப் போகலாம். பெட்டிக்குள் இரண்டுக்கும் வழியில்லை. பசியெடுத்த வளர்ந்த எலி, தின்ன விருப்பமில்லாமல் சுருண்டிருக்கும் பாம்பின் முதுகைக் கடித்து எலும்பு தெரிய வைத்த படங்களை ஊர்வன வைத்தியம் செய்பவர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். எலியின் பக்கமும் ஒன்று உண்டு: பிரித்தானியாவில் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி மனிதரின் பொறுப்பில் இருக்கும் முதுகெலும்பி எதற்கும் தேவையற்ற துன்பம் கொடுப்பது குற்றம். இரையாகப் போகும் எலியும் அதற்குள் அடங்கும்.

திணித்து ஊட்டுவதைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. நிலாவைக் காட்டி, கதை சொல்லி, மூக்கைப் பிடித்தாவது ஒரு வாய் உள்ளே தள்ளிவிட்டால்தான் அன்னைக்கு நிம்மதி என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அதைக் குழந்தையிடம் வைத்துக்கொள்ளலாம். கையளவு பாம்பின் தலையை இரண்டு விரலால் பிடித்து, மெல்லிய தாடையை நெம்பி, எலியின் தலையைத் தொண்டைக்குள் தள்ளும்போது வாய்த்தோல் கிழியலாம், பல் எலியில் சிக்கி உடையலாம், தொண்டைக்குழாய் புண்படலாம். இவையெல்லாம் நடக்காமல் இரை உள்ளே போனாலும், எலி மணம் வரும்போதெல்லாம் ஒரு பெரிய கை தன்னைப் பிடித்து நசுக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அடுத்த வாரமும் அது தின்னாது. ஊட்டியவர் அதையே அடத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்.

பட்டினிக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது. மார்ஷல் மெக்யூ என்பவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் பந்து மலைப்பாம்பு உட்பட மூன்று இனப் பாம்புகளைச் சுமார் ஆறு மாதம் இரையில்லாமல் வைத்துப் பார்த்தார். அவை உடம்பின் சக்திச் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. அந்தப் பட்டினியிலும் நீளத்தில் கொஞ்சம் வளர்ந்தன. வளர்ந்த ஆண் பாம்புகள் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் தின்னாமல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இந்தக் கணக்கைப் புதிதாய்ப் பிறந்த குட்டிக்கு அப்படியே போட்டுவிட முடியாது. அதன் கையிருப்பு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சட்கரு மட்டுமே. பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரித்த பின்தான் அது இரையைப் பற்றியே நினைக்கும். அதற்குப் பிறகும் சில வாரம் தாக்குப்பிடிக்கும். இரண்டு மூன்று முறை தின்று தொடங்கிவிட்ட குட்டி இடம் மாறிய அதிர்ச்சியில் ஒரு மாதம் தின்னாமலிருந்தால், எடை குறையாதவரை ஓடித் திரிய வேண்டியதில்லை. எடை என்றதும் பலர் கண்ணால் பார்த்து மெலிந்துவிட்டது என்கிறார்கள். சமையலறைத் தராசு ஒன்றும் ஒரு கிண்ணமும் போதும். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், முதுகெலும்பு கூர்மையாகத் தெரிந்தால், மூச்சில் சீறலோ வாயில் நுரையோ இருந்தால், அது வேறு விஷயம். அப்போது ஊர்வன தெரிந்த மிருக வைத்தியரிடம் போக வேண்டும். ஊட்டுவது அவசியமா என்று முடிவெடுப்பதும், அவசியமென்றால் எப்படி என்று காட்டுவதும் அவருடைய வேலை.

அடப் பட்டத்தை எதிர்க்கும் ஒரு கூட்டமும் உண்டு. அவர்கள் சொல்வது: பெரிய தொட்டிதான் பிழை, குட்டியைச் செருப்புப் பெட்டி அளவான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள், மறுநாளே தின்னும். இதுவும் என் பார்வையில் பாதிக் கிணறு தாண்டிய வாதம். டப்பாவில் குட்டி தின்பது உண்மை. டப்பா சிறியதாக இருப்பதால்தான் தின்பதாக நினைக்கிறார்கள். டப்பா இருட்டாக இருக்கிறது, சுவர்கள் உடம்பில் உரசுகின்றன, அடியில் ஒரே சீரான சூடு இருக்கிறது, முன்னால் யாருடைய முகமும் இல்லை. இவை நான்கையும் பெரிய தொட்டிக்குள் கொண்டுவர முடியும். மூன்று பக்கக் கண்ணாடியைக் கறுப்புத்தாளால் மூடி, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று குட்டியின் உடம்பு நெருக்கமாக அடங்கும் ஒற்றை வாசல் ஒளிவிடங்கள் இரண்டை வைத்து, நடுவெளியை இலைதழையாலும் மரப்பட்டையாலும் அடைத்துவிட்டால் தொட்டியின் அளவு ஒரு பொருட்டே இல்லை. நைஜீரியக் காட்டை யாரும் டப்பா அளவுக்குச் சுருக்கி வைக்கவில்லை. குட்டிகள் அங்கே தின்கின்றன. வாழ்நாள் முழுவதும் பாம்பை இழுப்பறையில் அடுக்கிவைக்க இந்த வாதம் வசதியாக இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். செய்வதைக் குறையுங்கள் என்பேன். குட்டி வந்த நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் கையில் எடுக்காதீர்கள். நண்பர்களுக்குக் காட்டாதீர்கள், படம் எடுக்காதீர்கள். அந்த நாள்களில் பாம்பை விட்டுவிட்டுத் தொட்டியைக் கவனியுங்கள்: சூடான பக்க ஒளிவிடத்தின் தரையில் 31 முதல் 33 பாகை செல்சியஸ், மற்றப் பக்கம் 25 முதல் 27, சூட்டுக் கருவி எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. காற்றில் ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே போகாமலும் சட்டை உரிக்கும் நேரத்தில் இன்னும் கூடுதலாகவும் இருக்க வேண்டும். அதற்குச் செய்தித்தாளைவிடத் தேங்காய்ப் பொச்சுத் தூள் எவ்வளவோ மேல். லண்டன் கடையில் ஊர்வனத் தொட்டிக்கென்று பளபளப்பான பையில் விற்கும் அந்தத் தூள் இலங்கையிலிருந்தோ பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தோ வந்ததாக இருக்கும். ஊரில் அதை யார் காசு கொடுத்து வாங்கினார்கள்!

பிறகு ஒரு மாலை, அறை விளக்கை அணைத்துவிட்டு, குட்டியின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் உள்ள எலியைச் சூடாக்கி, ஒளிவிடத்தின் வாசலுக்குச் சற்றுத் தள்ளி இடுக்கியால் ஒருமுறை அசைத்துக் காட்டுங்கள். முகத்துக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். இரை எதுவும் பாம்பின் மூக்கைத் தேடி வந்து முட்டுவதில்லை. எடுத்தால் சரி. எடுக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுங்கள். காலையில் எலி அங்கேயே இருந்தால் எறிந்துவிடுங்கள். அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்துத்தான். நாளைக்கு இல்லை, நாளை மறுநாளும் இல்லை. கண் பால்நிறமாக மங்கியிருந்தால் சட்டை உரித்து முடியும்வரை அந்த முயற்சியும் வேண்டாம். இந்த ஒரு வார இடைவெளிதான் ஆட்களுக்கு மிகக் கடினமாக இருக்கிறது. வெப்பத்தைச் சரிசெய்யச் சொன்னால் செய்வார்கள், ஒளிவிடம் வாங்கச் சொன்னால் வாங்குவார்கள், சும்மா இருக்கச் சொன்னால் முடியாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் தின்னாத குட்டிகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. அவற்றைப் பிறவிப் பிடிவாதக்காரர் என்பதைவிட நோயாளி என்பது பொருந்தும். உண்ணி, வாய்ப்புண், குடற்புழு, மூச்சுத் தொற்று என்று காரணங்கள் பல. ஸ்பைடர் என்ற நிறவகையில் அழகுக்காகத் தேர்ந்தெடுத்த மரபணுவே தலையாட்டத்தையும் கொண்டுவருகிறது. ஆட்டம் கடுமையாக உள்ள குட்டி எலியைக் குறிவைத்துப் பாயும்போது குறி தவறுகிறது. தவறவிட்ட குட்டிக்கும் நாம் வைக்கும் பெயர் அடம்தான்.

இந்தப் பட்டத்தால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். உலகச் சந்தைக்குப் பந்து மலைப்பாம்பை அதிகம் அனுப்பும் நாடுகள் டோகோ, பெனின், கானா. முட்டை வயிற்றோடு உள்ள பெண் பாம்புகளை வளைகளிலிருந்து தோண்டி எடுத்து, முட்டைகளைப் பண்ணையில் பொரிக்கவைத்து, குட்டிகளைத் துணிப்பைகளில் கட்டி விமானத்தில் ஏற்றுகிறார்கள். பெனினின் வீடா நகரில் இதே பாம்புக்குக் கோயில் இருக்கிறது. அங்கே வீட்டுக்குள் வந்த பாம்பைக்கூட அடித்து விரட்டமாட்டார்கள். அதே மண்ணிலிருந்து ஒரு வேளைகூடத் தின்றறியாத குட்டி கண்டம் தாண்டிக் கடைக்கு வருகிறது. கடைக்காரர் அதற்குத் தின்னப் பழக்குவதில் நேரம் செலவிட்டால் லாபம் குறையும். 'இந்த இனம் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டால் அந்த வேலை வாங்குபவர் தலையில் விழுந்துவிடுகிறது. குட்டி செத்தாலும் பழி அதன் குணத்தின்மேல்தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது அயலூர்க் கதையாகத் தோன்றினால் நம் பக்கத்து விமான நிலையச் செய்திகளை நினைவுபடுத்துகிறேன். 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வந்த, யாரும் உரிமை கோராத பைகளில் 45 பந்து மலைப்பாம்புகள் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள். செப்டம்பரில் பெங்களூரில் 55 பந்து மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும். பிடிபட்டவை இவை. பிடிபடாமல் போனவை இங்கே யாரோ ஒருவரின் அறையில், குளிர்சாதனக் காற்றுக்குக் கீழே, தின்னாமல் சுருண்டு கிடக்கும். பெட்டிக்குள் காலுறையில் அடைபட்டு வந்த குட்டியைப் பார்த்து அதன் சொந்தக்காரரும் 'ரொம்ப அடம்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். இந்த இனம், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பது. இந்தியாவில் 2024-இல் வந்த விதிகளின்படி இதை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கள்ளத்தனமாக வாங்கியவர் மிருக வைத்தியரிடம் போகவும் பயப்படுவார் என்பதால் அந்தக் குட்டியின் நோய்க்கும் கடைசிவரை அடம் என்றே பெயர் இருக்கும்.

ஆகவே வாங்க நினைக்கும் வாசகருக்கு ஒன்று. சட்டப்படி விற்கிறவரிடம் மட்டும் போங்கள். போனதும் நிறத்தையும் விலையையும் பிறகு கேட்கலாம். முதலில், இந்தக் குட்டி உருகவைத்த எலியைத் தானாக எத்தனை முறை தின்றிருக்கிறது என்று கேளுங்கள், தேதியும் எடையும் எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் ஒருமுறை உங்கள் முன்னால் தின்னக் கொடுக்கச் சொல்லுங்கள். நான்கைந்து முறையாவது தின்றிருக்க வேண்டும். தாள் இல்லை, இந்த இனம் கொஞ்சம் அடம் பிடிக்கும் என்று பதில் வந்தால், வாங்காமல் திரும்பி வாருங்கள்.